பதினான்கு பலகைகள்

முதல் நாள் தாத்தா என் கையில் ரம்பமும் தரவில்லை, உளியும் தரவில்லை. ஒரு காந்தத்தைத் தந்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றி, சணல் கயிற்றில் கட்டிய வட்டக் காந்தம். "இதைப் பலகை மேல மெதுவா இழுத்துக்கிட்டே போ பாப்பா. எங்க இழுக்குதோ அங்க சாக்பீசால வட்டம் போடு" என்றார். சாயங்காலம் வரை நாற்பது பலகைகளில் காந்தத்தை இழுத்தேன். கண்ணுக்குத் தெரியாமல் மரத்துக்குள் ஒடிந்து கிடக்கும் ஆணி இருந்தால் கயிறு லேசாகக் கனக்கும். அந்தக் கனத்தை விரல் உணர எனக்கு மூன்று நாள் பிடித்தது. நான் விட்டுவிட்ட ஆணி ஒன்றில் நான்காம் நாள் அவருடைய ரம்பம் மோதி இரண்டு பல் போனது. அவர் திட்டவில்லை. அரத்தை என்னிடம் நீட்டி, "மத்த பல்லையாவது தீட்டு" என்றார். அன்று முழுக்கப் பல் தீட்டினேன்.

கம்போங் ராஜா கேமரன் மலையின் வடகோடியில் இருக்கிறது. சிம்பாங் பூலாயிலிருந்து ஏறி வரும் லோரிகள் முதலில் தொடுவது எங்கள் ஊரைத்தான். ஒரு பக்கம் புளூவேலி தேயிலை, மறுபக்கம் நெகிழிக் கூடாரங்களுக்குள் காய்கறியும் பூவும். நான் ஒரு காய்கறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். தாத்தா தோட்டத்து ஆசாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் தோட்டத்து ஆசாரிதான். தொழிலாளர் லயத்துக் கதவு, ஜன்னல், பள்ளிக்கூடப் பெஞ்சு, சவப்பெட்டி என்று தோட்டத்தில் மரத்தால் ஆனது எதுவும் அவர்கள் கை படாமல் இருந்ததில்லை.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஊரே கொடி கட்டும். 31 மெர்டேக்கா எனும் சுதந்திர தினம், செப்டம்பர் 16 மலேசிய தினம். இரண்டுக்கும் இடையில் இறக்கவே மாட்டார்கள். ஆனால் எங்கள் மலைக்காற்றிலும் மழையிலும் மெல்லிய துணிக்கொடிகள் பத்து நாளில் நைந்து கம்பியைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். பார்க்க மனது கேட்காது. ஓர் ஆண்டு, ஒட்டுக்கடைச் சுவரில் மரப்பலகைகளை அடுக்கிச் செய்த மலேசியக் கொடியை, ஜாலூர் கெமிலாங்கைப் பார்த்தேன். ஆணித் துளைகள், மரக்கணுக்கள், பழைய ரம்பத் தழும்புகள் எல்லாம் வண்ணத்துக்கு அடியில் அப்படியே தெரிந்தன. அதைச் செய்தவரைத் தேடிப்போய் விலை கேட்டேன். "விக்கிறதுக்கு இல்ல. வேணும்னா கத்துக்க" என்றார். அவர்தான் தாத்தா.

எங்கள் ஊரில் இதற்கு மரம் வாங்கத் தேவையில்லை. உர மூட்டைகளைத் தாங்கி வரும் பேலட்டுகள் கூடங்களுக்குப் பின்னால் மழையில் கிடக்கும். பழைய லயங்களைப் பிரிக்கும்போது மெராந்திப் பலகைகள் கிடைக்கும். யார் வீட்டுப் பரணிலாவது விளிம்பில் தகரம் அடித்த பழைய தேயிலைப் பெட்டி இருக்கும். அதன் ஒட்டுப்பலகை மெல்லியது, ஆனால் உறுதி. பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைச் செடியின் அடிமரமும் உண்டு. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். வைரம் பாய்ந்த அந்தக் கட்டை உளியைத் திருப்பி அனுப்பிவிடும். அதைத் தாத்தா அறுப்பதே இல்லை. கழுவி, காயவைத்து, அப்படியே தாங்கலாக வைப்பார்.

பேலட்டை எடுக்குமுன் அதன் முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். கதிர் போன்ற ஒரு படமும் பக்கத்தில் சில எழுத்துகளும் சுட்டிருக்கும். நாடு விட்டு நாடு போகும் மரத்தோடு பூச்சியும் போய்விடாமல் தடுக்கும் உலக ஏற்பாடு அது. ஹெச்.டி. என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூடேற்றி 30 நிமிடம் வைத்தது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. "எம்.பி.ன்னு இருந்தா தொடாத. எவ்வளவு அழகான பலகையா இருந்தாலும் விட்டுட்டு வந்துரு." முத்திரை இல்லாமல் எண்ணெய்க்கறை படிந்ததையும், மருந்து நெடி அடித்ததையும் அவர் பட்டறைக்குள் விட்டதில்லை.

பிறகு ஆணி பிடுங்கல். அதற்கு மட்டும் ஒரு மாதம் ஆனது. நான் நினைத்தது, தலையைக் கவ்வி இழுத்தால் வந்துவிடும் என்று. இழுத்தேன். ஆணித்தலை மட்டும் வந்தது. அல்லது பலகையின் முனை 'சடக்' என்று பிளந்தது. பேலட் ஆணிக்கு உடம்பெல்லாம் முறுக்கு இருக்கும், உள்ளே போனால் மரத்தைக் கவ்விக்கொள்ளும். முதல் வாரத்தில் மட்டும் பதினோரு பலகைகளைப் பிளந்தேன். பிளந்த ஒவ்வொன்றையும் தாத்தா சுவரோரம் நிறுத்தி வைத்தார், ஒன்றையும் அடுப்பில் போட விடவில்லை. காலையில் உள்ளே நுழைந்ததும் அவை வரிசையாக என்னைப் பார்க்கும்.

ஒருநாள் என் பின்னால் நின்று, "கையால பிடுங்காத. காதால பிடுங்கு" என்றார். பலகையைத் திருப்பி, ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டச் சொன்னார். மரத்துக்குள்ளிருந்து 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்தது. துருவும் மரமும் பிடியை விடுகிற சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்ட பிறகு சுத்தியலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து நெம்பினால், ஆணி வெண்ணெயிலிருந்து வருவதுபோல் வந்தது. சத்தம் வராத ஆணியை வற்புறுத்தக் கூடாது. பலகைக்கும் தாங்குகட்டைக்கும் நடுவில் இரும்பறுக்கும் பிளேடை நுழைத்து ஆணியையே அறுத்துவிட வேண்டும். தலை மரத்திலேயே தங்கட்டும், அதற்கு ஓர் அழகு உண்டு என்பார்.

என் முதல் கொடியைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும். நான் கற்றதில் பாதி அந்தத் தோல்வியிலிருந்து வந்ததுதான்.

கொடியின் கணக்கு இது: பதினான்கு கோடுகள், மேலே சிவப்பில் தொடங்கிக் கீழே வெள்ளையில் முடியும். நீளம் உயரத்தைப் போல் இரு மடங்கு. நீலக் கட்டம் நீளத்தில் சரிபாதி, உயரத்தில் எட்டுக் கோடு. கோட்டுக்கு 4 சென்டிமீட்டர் என்று வைத்தால் உயரம் 56, நீளம் 112, நீலம் 56-க்கு 32. பேலட் பலகை 9 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலம் இருக்கும். ஒன்றை அறுத்தால் இரண்டு கோடு. கணக்கு எழுதுகிறவள் நான். காகிதத்தில் எல்லாம் அச்சுப்போல் வந்தது. பலகையில் 4-க்கு ஒரு கோடு, 8-க்கு ஒரு கோடு இழுத்து, கோட்டின் மேலேயே ரம்பத்தை வைத்து அறுத்தேன். இழைத்தேன், வரிசையாக இறுக்கி அடுக்கினேன், வண்ணம் பூசினேன். நீலக் கட்டத்தைக் காகிதத்தில் இருந்தபடி 56-க்கு 32 அளந்து பூசிவிட்டுப் பெருமையோடு கூப்பிட்டேன்.

தாத்தா பெருவிரலைக் கீழ்க்கோட்டில் வைத்து மேலே நகர்த்தினார். "நீலத்துக்குக் கீழ எத்தனை கோடு?"

"ஆறு, தாத்தா."

"எண்ணிச் சொல்லு."

எண்ணினேன். ஐந்து முழுக்கோடு. ஆறாவது, அதாவது மேலிருந்து ஒன்பதாவதாக வரும் சிவப்புக் கோடு, இடப்பக்கம் பாதி வரை நீலத்துக்குள் மூழ்கியிருந்தது. ரம்பம் தின்ற மரத்தையும் இழைப்புளி சீவியதையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒவ்வொரு கோடும் 4 அல்ல, 3.8. எட்டுக் கோடு 30.4 தான், என் நீலமோ 32. மீதி ஒன்றரை சென்டிமீட்டரும் ஒன்பதாவது கோட்டில் இறங்கிவிட்டது.

"பதிமூணு மாநிலத்துக்கு ஒவ்வொண்ணு, கூட்டரசுக்கு ஒண்ணு. அரைக்கோடு ஆக்கி வச்சிருக்கியே, இது எந்த மாநிலம்?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. நான் பேசாமல் நின்றேன். அப்போது அவர் சொன்னதைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்: "மரம் கரடுமுரடா இருக்கலாம் பாப்பா. கணக்கு இருக்கக்கூடாது."

பழைய மரத்தில் செய்கிற பொருள் என்றால் எல்லாமே சற்றுக் கோணலாக இருக்கலாம், அதுதான் நாட்டுப்புற அழகு என்று நான் எண்ணியிருந்தேன். அது சோம்பல் என்று அன்று விளங்கியது. 2025 ஏப்ரலில், பிறை விடுபட்ட கொடிப்படம் ஒரு நாளிதழில் வந்து நாடு முழுக்கப் பேச்சானபோது தாத்தாவின் பிடிவாதம் இன்னும் நன்றாகப் புரிந்தது. அவர் கோட்டின் எந்தப் பக்கம் அறுக்க வேண்டும் என்று காட்டினார். பென்சில் கோடு பலகையில் மிஞ்ச வேண்டும். ரம்பம் வெளியே ஓட வேண்டும். அறுத்து முடித்து விரலால் தடவினால் பென்சில் கரி விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் மரத்தைத் தின்றுவிட்டாய் என்று பொருள்.

இரண்டாவது கொடியில் கணக்கு சரியாக இருந்தது. மரம் சரியாக இல்லை. மழை நாட்களில் செய்தேன். பலகை தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. அதை ஒட்டுக்கடையில் தேநீர் அடுப்புக்கு மேலே மாட்டினோம். இரண்டு வாரத்தில் கோடுகளுக்கு இடையே சுவர் தெரிந்தது. நான்கு பலகைகள் வில்லாய் வளைந்தன. அதைவிடக் கொடுமை வெள்ளைக் கோடுகள்: ஒவ்வோர் ஆணித் துளையிலிருந்தும் பழுப்பு நிறத்தில் துரு கசிந்து, கண்ணீர் வழிந்த கன்னம் மாதிரி ஆகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நானே போய் இறக்கிக்கொண்டு வந்தேன்.

தாத்தா பலகையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஈர மரம் கன்னத்தில் சில்லென்று இருக்கும். காய்ந்தது அப்படி இருக்காது. விரல் ஏமாறும், கன்னம் ஏமாறாது. ஆனாலும் எனக்கு அது பிடிபட நாளானது. ஆகவே நான் என் வேலையிலிருந்து ஒரு வழியைக் கொண்டுவந்தேன். ஏழு பலகைகளைக் கட்டாகக் கட்டி, கூடத்துத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதினேன். முதல் வாரம் 11 கிலோ 400. அடுப்பங்கரைப் பரணில், பலகைக்கும் பலகைக்கும் நடுவில் குச்சி வைத்துக் காற்றுப் போக அடுக்கினேன். ஐந்தாம் வாரம் 8 கிலோ 900. ஆறாம் வாரமும் அதே. எடை நின்றுவிட்டது, இனி விடுவதற்கு அதனிடம் நீர் இல்லை. நோட்டைத் தாத்தாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, தன் பலகைக் கட்டு ஒன்றையும் எடுத்து என்னிடம் கொடுத்து, "இதையும் நிறுத்து எழுது" என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

துருவுக்கு மருந்து அரக்கு. அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் தேன்போல் கரையும். ஆணித்துளையைக் கத்திமுனையால் சுரண்டி, அந்த அரக்கை இரண்டு முறை தொட்டு வைத்துவிட்டு வெள்ளை பூசினால் கறை மேலே ஏறாது. முதல் தடவை விரலில் ஒட்டிப் பிசுபிசுக்கும். இரண்டாம் தடவை கண்ணாடிபோல் வழுக்கும். வழுக்கினால்தான் மேலே வண்ணம்.

செம்பருத்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூங்கா ராயா என்ற இந்தச் செம்பருத்தி 1960-இலிருந்து நம் தேசிய மலர். ஐந்து இதழும் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிக்கும். காய்கறிப் பெட்டியின் மெல்லிய பலகையில் இதழ் வெட்டி வாசல் தோரணமாகக் கோக்கலாம். நான் வெட்டிய இதழ்கள் கோக்கும்போதே குறுக்கே ஒடிந்தன. மரத்தின் வாட்டம் இதழின் காம்பிலிருந்து நுனிக்கு ஓட வேண்டும். நான் பலகையை மிச்சம் பிடிப்பதற்காகக் குறுக்கே வெட்டியிருந்தேன். வெட்டுமுன் பெருவிரல் நகத்தால் பலகையைக் கீறிப் பார்க்க வேண்டும். நகம் வழுக்கி ஓடும் திசைதான் வாட்டம். இதைச் சொல்ல ஒரு நிமிடம். நான் ஒடித்த இதழ்கள் முப்பதுக்கு மேல்.

கொடியின் நட்சத்திரம் என்னை அழவைத்தது. பதினான்கு முனை. 360-ஐப் பதினான்கால் வகுத்தால் 25.714 என்று போய்க்கொண்டே இருக்கும். பள்ளிப் பாகைமானியை வைத்து 26 பாகை எடுத்தேன். கடைசி இடைவெளி 22-ஆகச் சுருங்கி ஒரு முனை மெலிந்தது. 25 அரை எடுத்தேன். கடைசி முனை தடித்தது. ஏழு சமபக்க உருவத்தையும் பதினான்கு சமபக்க உருவத்தையும் கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு துல்லியமாக வரையவே முடியாது என்று கணிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிரூபித்துவிட்டது. அதை நான் பிறகுதான் படித்தேன். அப்போது என் கைதான் சரியில்லை என்று நினைத்து மூன்று ஒட்டுப்பலகைகளைப் பாழாக்கினேன்.

தாத்தா ஒரு பால் டின்னை எடுத்தார். காகித நாடாவை அதைச் சுற்றி ஒரு சுற்றுக்குச் சரியாக வெட்டினார். கோடு போட்ட என் கணக்கு நோட்டை விரித்து, நாடாவின் ஒரு முனையை ஒரு கோட்டில் வைத்தார். மறுமுனை அதற்குக் கீழே பதினான்காவது கோட்டைத் தொடும்வரை நாடாவைச் சாய்த்தார். நடுவில் உள்ள கோடுகள் நாடாவைக் கடக்கும் இடமெல்லாம் பென்சிலால் குறித்தார். நாடாவை மறுபடி டின்னில் சுற்றினார். பதினான்கு சம பங்கு. வகுத்தல் இல்லை, பாகைமானி இல்லை. டின்னைப் பலகையில் வைத்துக் குறிகளை இறக்கி, மையத்திலிருந்து அவற்றின் வழியே வெளியே கோடுகளை நீட்டினால், எவ்வளவு பெரிய நட்சத்திரமும் பிறக்கும். நான் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பத்து வருடமாக அந்த நோட்டில்தான் கோஸ் மூட்டையும் தக்காளிப் பெட்டியும் எழுதுகிறேன்.

இந்த வழி தாத்தாவின் அப்பாவுடையது. அந்தக் கதையை அன்றுதான் சொன்னார். கொடி பிறந்தது ஒரு போட்டியில். அதில் 373 வடிவங்கள் வந்தன. ஜொகூர் பொதுப்பணித் துறையில் இருந்த முகமது ஹம்சாவின் வடிவம் தேர்வாகி, சில மாற்றங்களோடு 1950 மே 26-இல் முதன்முதலாக ஏறியது. அப்போது பதினோரு கோடு, பதினோரு முனை. 1957-இல் தாத்தாவுக்குப் பத்து வயது. தோட்டத்து ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் வைக்க அவருடைய அப்பா பலகையில் ஒரு கொடி செய்தார். 1963-இல் சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா ஆனபோது கோடுகள் பதினான்காக வேண்டும். புதிதாகச் செய்ய மரம் கேட்க மனம் வரவில்லை. பழைய பதினோரு பலகைகளையும் கழற்றி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் இழைத்துக் குறுக்கி, அதே சட்டத்துக்குள் மூன்றுக்கு இடம் செய்தாராம். "பந்தியில நாலு பேரு நகர்ந்து உக்காந்து இடம் விடுற மாதிரி" என்றார் தாத்தா. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்த பிறகும் பதினான்கு பதினான்காகவே நின்றது. ஜாலூர் கெமிலாங் என்ற பெயர் 1997-இல்தான் வந்தது. தாத்தா இன்றும் வெறுமனே 'கொடி' என்றுதான் சொல்கிறார்.

இன்னொரு பழக்கமும் தாத்தாவுக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று பென்சிலால் எழுதிவிடுவார். 'உர பேலட்', 'பள்ளிப் பெஞ்சு', 'மாட்டுக்கொட்டகை'. முன்பக்கம் கொடி, பின்பக்கம் தோட்டம்.

மூன்றாவது கொடிக்கு நான் மரம் சேர்த்துக்கொண்டிருந்தபோது, என் பாட்டி பிறந்து வளர்ந்த பழைய லயத்தைப் பிரித்தார்கள். அடுக்களைக் கதவுப் பலகை ஒன்றை வாங்கி வந்தேன். மெராந்தி. புகையேறிக் கறுத்திருந்தது, ஒரு வாய் இழைத்ததும் உள்ளே இளஞ்சிவப்பு. கொண்டி இருந்த இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவு ஒரு குழி. அடைத்துவிடலாமா என்று கேட்டேன். தாத்தா குழியைத் தடவிப் பார்த்து, "அதுக்கு என்ன குறைச்சல்?" என்றார். நான் அதை ஒன்பதாவது கோட்டுக்கு வைத்தேன். முதல் கொடியில் நான் பாதியாக்கிய கோடு. நீலத்துக்குக் கீழே, ஓரத்திலிருந்து ஓரம்வரை முழுசாக ஓடும் முதல் சிவப்பு.

ஆகஸ்ட் கடைசி வாரம் ஒட்டுக்கடையில் மாட்டினோம். தாத்தா கீழிருந்து பெருவிரலை நகர்த்தி எண்ணினார். ஆறு, பிறகு எட்டு. ஒன்றும் சொல்லாமல் தேநீர் கேட்டார். எனக்கும் சேர்த்துக் கேட்டார்.

மறுநாள் பாட்டியைக் கூட்டிவந்தேன். கதவுப் பலகை இதில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். எது என்று சொல்லவில்லை. பாட்டிக்குக் கண் மங்கல். சுவருக்குப் பக்கத்தில் போய், கோடு கோடாகக் கையால் தடவிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவதில் விரல் குழிக்குள் இறங்கியது. அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுலதான் கொண்டி இருந்துச்சு" என்றாள். "மழைக்காலத்துல இறுகிப் போயிரும். தோளால ஒரு இடி இடிச்சாத்தான் திறக்கும்."